எங்க ஊர்ச் செவ்வாக்கெழம

பொறாமையா? எனக்கா? அவ மேலயா?

அந்த வார்த்தைய மொதல்ல அடிங்க மேடம். மத்ததெல்லாம் எழுதிக்கிடுங்க, நான் ஒத்துக்கிடுதேன். எங்க ஊரு ஆஸ்பத்திரி சப் சென்டரப் பூட்டுனது நாந்தான். பூட்டு எங்க ஆட்டுக்கொட்டில் பூட்டு. போன செவ்வாக்கெழம மத்தியானம் ஒன்னர மணி, டாக்டர் வண்டி வர அர மணி நேரம் முந்தி. எழுதிட்டியளா? பேரு பொன்இசக்கி, பி.ஏ. பொருளாதாரம், ரெண்டாம் வருஷம். ஆனா பொறாமைல பூட்டுனேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா? தங்கபுஷ்பம் நர்ஸம்மாவா? அவியதான் சொல்லியிருப்பாவ. ரெண்டு வருஷமா எங்க வீட்டு டீய குடிச்ச வாயி அது.

அவிய இல்லியா? அப்பம் பஞ்சாயத்துத் தலைவரு. சுடலைமணி மாமா. அவரும் இல்லியா? ஊரே சொல்லுதா? ஊருன்னா எந்த ஊரு? எங்க தருவைமேடா, அந்தப் பக்கத்துப் புதுக்குடியிருப்பா? அதச் சொல்லுங்க மொதல்ல.

அந்த சேர்ல பைய உக்காருங்க, ஒரு கால் ஆடும். எங்கம்ம உள்ள டீ போடுதா. இன்னைக்கு ஞாயித்துக்கெழமல்லா, அவ வேலைக்குப் போற ஷெட்டு லீவு. அவகிட்டயும் விசாரிக்கணுமா? விசாரிங்க. ஆனா மொதல்ல நான் பேசி முடிச்சிருதேன். நான் பேசுறப்ப நடுவுல யாரும் பேசுனா எனக்குப் பேச்சு அத்துரும்.

மேடம், நீங்க ஜில்லா சுகாதார ஆபீஸ்ல இருந்து வந்திருக்கிய. அதுனால உங்களுக்கு ஆதியோட அந்தமா சொன்னாத்தான் புரியும். கோவிச்சுக்கிடாதிய, உண்மையத்தான சொல்லுதேன்.

போன பொங்கல் வர எங்க ஊர்ல ஒரு கொறையும் இல்ல. செவ்வாக்கெழம மூணு மணிக்கு நர்ஸம்மா வந்து சப் சென்டரத் தொறப்பாவ. அஞ்சு மணி வர சுகரு, பிரஷரு பாத்து ஒரு மாச மாத்திர குடுப்பாவ. அது என்ன கணக்கு மூணு மணி? எங்க ஊர்ப் பொம்பளையோ விடியக்காலம் நாலு மணிக்கு உப்பளத்துல எறங்கிருவாவ. வெயிலு ஏறுறதுக்குள்ள உப்ப வாரி வரப்புல குமிக்கணும். பன்னெண்டு மணிக்குக் கரையேறி, குளிச்சு, ரெண்டு வாய் கஞ்சி குடிச்சு, செத்த கண்ண மூடி எந்திச்சா மூணு மணி. இது உங்க ஆபீஸ் பேப்பர்ல எதுலயும் கெடையாது. நர்ஸம்மாவும் ஊர்ப் பொம்பளையளும் நின்னவாக்குல பேசி வச்சது. நல்லாத்தான் ஓடுச்சு.

பொங்கல் கழிஞ்ச மறு வாரம் உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு பேப்பர் வந்துச்சு. ஜில்லா பூராவும் இனிமே செவ்வாக்கெழம காலைல ஒம்பதுல இருந்து ஒரு மணின்னு. டாக்டர் வண்டியும் அதுக்குள்ளயே ஆறு ஊரச் சுத்திட்டுப் போயிருமாம். நர்ஸம்மா அத சுவத்துல ஒட்டிட்டு, "நான் என்னட்டி செய்ய, மேல சொல்லிட்டாவ"ன்னாவ. மேலன்னா? வானத்துலயா? ஒம்பது மணிக்கு எங்க ஊர்ல யாரு இருப்பா? ஆடு இருக்கும். ஆட்டுக்குப் பாருங்க சுகரு.

சிரிக்கியளா? சிரிங்க. மாசி, பங்குனி ரெண்டு மாசமும் நர்ஸம்மா தனியா உக்காந்து ஈ ஓட்டுனாவ. மாத்திர பெட்டில கெடந்துச்சு, பொம்பளைய உப்புல கெடந்தாவ. இதத் தட்டிக் கேட்டது யாரு? நான். எழுதுங்க. மொதல்ல தட்டிக் கேட்டது பொன்இசக்கின்னு எழுதுங்க. ஏன் எழுத மாட்டேங்கிய?

மே ஒண்ணாந்தேதி கிராமசபை. சுடலைமணி மாமா வழக்கம்போல தண்ணிக் கொழா, தெருவெளக்குன்னு வாசிச்சிட்டு இருந்தாரு. நான் எந்திச்சு மைக்க வாங்குனேன். வாங்குனேன்னா, புடுங்குனேன்னு வச்சுக்கோங்க. "எங்க ஊர்ப் பொம்பளைக்கு எப்பம் பிரஷர் பாக்கணும்னு ஜில்லால ஏசி ரூம்ல இருக்கவிய எப்படி முடிவு பண்ணலாம்? எங்க ஊரு நேரத்த எங்க ஊருதான் முடிவு பண்ணும்"னேன். அப்படி ஒரு கைதட்டு மேடம். மாமாவே தட்டுனாரு. அந்த எடத்துலயே தீர்மானம் எழுதுனோம். ஒவ்வொரு செவ்வாயும் மூணுல இருந்து அஞ்சு. எரநூத்திப் பன்னெண்டு கையெழுத்து.

ஆமா, எல்லாம் தருவைமேட்டுக் கையெழுத்துதான். அதுக்கென்ன இப்பம்?

இதத்தான் அவளும் கேட்டா. மறுநா காலேஜ் பஸ்ல பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "இசக்கி, புதுக்குடியிருப்புக்காரவிய ஒருத்தர்கூட இல்லியே"ன்னா. அவதான் பெனிட்டா. புதுக்குடியிருப்புக்காரி. பைபாஸுக்கு அந்தப் பக்கம், ஒரே பஞ்சாயத்துதான். ஆறாம் வகுப்புல இருந்து என்கூடப் படிக்கா. நான் சொன்னேன், "ஏட்டி, ஆட்டோல மைக்கு கட்டி உங்க தெருவுக்கும்தான் அனுப்புனோம். வராதது யாரு தப்பு?" அதுக்கு அவ, "பாக்கெட் ஷெட்டுல மே தினத்துக்கு லீவு கெடையாதுட்டி"ன்னா. மெதுவாச் சொன்னா. அவ எல்லாத்தையும் மெதுவாத்தான் சொல்லுவா. மெதுவாப் பேசுதவள எல்லாரும் நம்பிருதாவ மேடம், அதான் இந்த ஒலகத்துல பெரிய அநியாயம்.

புதுக்குடியிருப்புப் பொம்பளைய முக்காவாசிப் பேரு உப்புல எறங்க மாட்டாவ. உப்பு பாக்கெட் போடுத ஷெட்டுக்குப் போவாவ. காலைல எட்டரைக்கு உள்ள போனா சாய்ங்காலம் அஞ்சரைக்குத்தான் கேட்டத் தொறப்பான். எங்க தெருவுலயும் ஏழெட்டுப் பேரு போறாவ. எங்கம்மையும் மாசில இருந்து அங்கதான். கண்ணு கூசுதுன்னு உப்ப விட்டுட்டு அங்க போனா. மூணு மணிக்கு க்ளினிக்னா ஷெட்டுக்காரவியளுக்கு ஆகாதுதான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா ஒரு போராட்டம்னா மொதல்ல ஒண்ணக் கேக்கணும், அப்புறம் அடுத்ததக் கேக்கணும். எல்லாரையும் ஒக்கார வச்சு ஒங்களுக்கு எப்பம் தோது, ஒங்களுக்கு எப்பம் தோதுன்னு கேட்டுட்டு இருக்கதுக்கு இது என்ன சடங்கு வீடா?

எங்கம்ம கையெழுத்தா? அதுவும் இருக்கு, எரநூத்திப் பன்னெண்டுல ஒண்ணு. அவ ஷெட்டுல இருந்தா. நாந்தான் போட்டேன். அதுல என்ன இருக்கு, எங்கம்மைக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க அத எழுதாதிய. அது குடும்ப வெசயம்.

தீர்மானத்த எடுத்துக்கிட்டு உங்க ஆபீஸுக்கும் வந்தேன். நீங்க அன்னைக்கு இல்ல போல. மூணு மணி நேரம் பெஞ்சுல உக்கார வச்சாவ. அப்புறம் ஒரு பெரிய ஆபீசர், மூக்குக்கண்ணாடி போட்டவரு, வாங்கிப் படிச்சாரு. "இந்தா பாரும்மா, டாக்டர் வண்டி ஒண்ணு, ஊரு ஆறு. ஊருக்கு ஒரு நேரம்னு நான் மாத்துனா வண்டி எப்படி ஓடும், மாத்திர எப்படிப் பிரியும்? எல்லாருக்கும் ஒண்ணுன்னாதான் நான் நடத்த முடியும்"னாரு. நான் விடுவனா? "எல்லாருக்கும் ஒண்ணுன்னா எல்லாரும் ஒரே நேரத்துலயா சாப்பிடுதாவ? நீங்க எத்தன மணிக்கு சாப்பிடுவிய?"ன்னு கேட்டேன். அவரு ப்யூனக் கூப்பிட்டாரு. ஒரு ரசீது குடுத்தாவ. அந்த ரசீது இன்னும் எங்கிட்ட இருக்கு. தீர்மானம் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? பஞ்சாயத்துல இருந்து ஒரு காப்பி யூனியனுக்குப் போச்சு, யூனியன்ல இருந்து கலெக்டர் ஆபீஸுக்குப் போச்சு, அங்க இருந்து உங்களுக்கு வரணும். வந்துச்சா? பாத்தியளா, இல்லன்னு தலைய ஆட்டுதிய.

இதுக்கு எடைலதான் அவ உள்ள புகுந்தா.

ஒரு நீளநோட்டு. பச்ச அட்ட. அதத் தூக்கிட்டு வீடு வீடாப் போயிருக்கா. காலேஜ் விட்டு வந்து, மூஞ்சி கழுவிட்டு, தெனமும் பத்து வீடு. புதுக்குடியிருப்புல மட்டும் இல்ல, எங்க தருவைமேட்டுலயும்! எங்க ஊர்ல வந்து எங்க ஊர்ப் பொம்பளையகிட்ட, "யக்கா, நீங்க எத்தன மணிக்கு வேலைக்குப் போறிய, எப்பம் வாறிய, என்ன மாத்திர திங்கிய"ன்னு கேக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாளா? பஸ்ல என் பக்கத்துலதான் உக்காந்துட்டு வந்தா. அந்த நோட்டு அவ மடியிலதான் இருந்துச்சு. ரெக்கார்ட் நோட்டுன்னு நெனச்சேன்.

இல்ல, எங்கிட்டயும் ஒரு நாள் சொன்னா. "என்கூட வாயேன் இசக்கி, ரெண்டு பேராப் போனா சீக்கிரம் முடியும்"னா. நான் எதுக்குப் போவேன்? நாந்தான் ஊர் முடிவையே எழுதிட்டேன்லா. முடிவு எழுதுன பொறவு போய் கேள்வி கேக்கதுக்கு எனக்கென்ன கிறுக்கா?

பத்தொம்பது நாளு அலஞ்சிருக்கா. அப்புறம் என்ன செஞ்சா தெரியுமா? கிராமசபைக்கும் போகல, உங்க ஜில்லா ஆபீஸுக்கும் போகல. ரெண்டுக்கும் நடுவுல, யூனியன் ஆஸ்பத்திரி பெரிய டாக்டரு இருக்காருல்லா, அவரப் போய்ப் பாத்தா. வண்டி போற ஆறு ஊரையும் ஒரு சார்ட்டுல வரஞ்சு கொண்டு போயிருக்கா. மத்த ஊர்லயெல்லாம் வெவசாயம், நூறு நாள் வேல. அவியளுக்குக் காலைலதான் தோது, அங்க காலைல வண்டி போகட்டும். தருவைமேட்டுக்கு ஒண்ணாம் செவ்வா, மூணாம் செவ்வா ரெண்டு மணிக்கு. புதுக்குடியிருப்புக்கு ரெண்டாம் செவ்வா, நாலாம் செவ்வா சாய்ங்காலம் ஆறு மணிக்கு, பால்வாடில. வண்டி அதே வண்டி, டீசல் அதே டீசல். டாக்டரு பாத்தாரு, உங்க மூக்குக்கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டாரு. அவரும், "ஜில்லா ஆர்டர்ல செவ்வாக்கெழமன்னு இருக்கது இருக்கட்டும், நேரத்த மட்டும் அந்தந்த ஊருக்கு ஏத்தாப்புல மாத்திக்கிடுங்க"ன்னுட்டாரு.

அதே ஆளு மேடம்! எனக்கு ப்யூனக் கூப்பிட்டவரு!

நான் கேட்டதும் அதுதான, அவ கேட்டதும் அதுதான? நான் ஊர் சார்பா, தீர்மானத்தோட, உரிமையோட கேட்டேன். அவ ஒரு நோட்டத் தூக்கிட்டுப் போயி, "சார், இப்படி வச்சா உங்களுக்கும் செரமம் இருக்காது"ன்னு கேட்டா. உரிமையக் கேக்குறப்ப அவனுக்கு செரமம் இருக்கா இல்லியான்னு எதுக்குப் பாக்கணும்? நீங்களே சொல்லுங்க. நீங்க ஆபீஸ் ஆளு, நீங்க சொல்ல மாட்டிய.

மாத்திர மாசம் ஒரு தடவதான் வாங்கணும், ரெண்டு செவ்வா போதும்லாங்கிய. போதும்தான். போதுமா போதாதாங்கதா வெசயம்? ஊரு கேட்டது மாசம் நாலு செவ்வா. அதுல ரெண்ட எடுத்து அவ தெருவுக்குக் குடுக்க அவ யாரு? யாரு அவள எலெக்ட் பண்ணுனா? எனக்காச்சும் எரநூத்திப் பன்னெண்டு கையெழுத்து இருக்கு.

எரநூத்திப் பதினொண்ணு. சரி, அப்படியே வச்சுக்கோங்க.

அப்புறம் நோட்டீஸ் ஒட்டுனாவ. சப் சென்டர் சுவத்துல, பழைய பேப்பர் மேலயே. "செல்வி பெனிட்டா சேகரித்து அளித்த விவரங்களின்படி நேரம் மாற்றப்படுகிறது." எங்க ஊர்ச் சுவத்துல! தருவைமேட்டுச் சுவத்துல அவ பேரு! பேப்பர்லயும் வந்துச்சு. மூணாம் பக்கத்துல, கீழ, போட்டோவோட. கெராமத்துக்கு நேரம் வாங்கித் தந்த மாணவின்னு. அந்தப் போட்டோல போட்டிருக்க ஷாலு என்னோடது மேடம். நீல ஷாலு, ஓரத்துல வெள்ளப் பூ. காலேஜ் டேக்கு வாங்குனவ இன்னும் தரல. என் ஷாலப் போட்டுக்கிட்டு என் வெசயத்துக்குப் போட்டோ புடிச்சிருக்கா.

பேப்பரக் கிழிச்சனா? கிழிக்கல. வச்சிருக்கேன். ஆதாரத்துக்கு. அடிக்கடி எடுத்துப் பாக்கேன், எழுத்து அழிஞ்சிறாம இருக்கான்னு.

அதுக்குப் பொறவு எங்க ஊர்ப் பொம்பளைய பேசுன பேச்ச நீங்க கேக்கணும். "பெனிட்டா பிள்ள எம்புட்டு அனுசரண, வீட்டுக்கே வந்து கேட்டுச்சு." "பெனிட்டா பிள்ள தர மேல உக்காந்து எழுதுச்சு." பெனிட்டா பிள்ள, பெனிட்டா பிள்ள. நான் கிராமசபைல கத்துன கத்துல ரெண்டு நாளு தொண்ட கட்டிக் கெடந்துச்சு, எவளாச்சும் ஒரு மொளகு ரசம் வச்சுக் குடுத்தாளா? நர்ஸம்மா எங்க வீட்ட விட்டுட்டு இப்பம் அவ வீட்டுலதான் டீ குடிக்காவ. அவளுக்கு பிரஷர் பாக்கக்கூட சொல்லிக் குடுத்திருக்காவ. கைல பட்டையச் சுத்தி, பம்ப அமுக்கி. எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

இது பொறாம இல்ல மேடம். நியாயம் கேக்குறதுக்குப் பேரு பொறாம இல்ல.

பூட்டுன அன்னைக்குத்தான வாறேன்.

ஒண்ணாம் செவ்வா. புது நேரத்துக்கு மொத நாளு. ஒன்னர மணிக்கு நான் போயி, ஆட்டுப் பூட்டப் போட்டு, வாசப்படில உக்காந்தேன். கைல தீர்மானக் காப்பி. ரெண்டு மணிக்கு டாக்டர் வண்டி வந்துச்சு. டாக்டரு சின்ன வயசு, மீச இப்பந்தான் மொளச்சிருக்கு. "என்னம்மா இது?"ன்னாரு. "கிராமசபைத் தீர்மானத்துக்கு பதில் சொல்லிட்டு உள்ள போங்க"ன்னேன். "என்ன தீர்மானம், எங்கிட்ட வரலியே?"ன்னாரு. நர்ஸம்மா கையெடுத்துக் கும்பிட்டாவ. "இசக்கி, மாத்திரப் பெட்டி உள்ளதான்ட்டி இருக்கு. இந்தப் பொம்பளைய எல்லாம் அஞ்சு மாசமா மாத்திர இல்லாமக் கெடக்காவ. தொற, எங்கண்ணுல்லா"ன்னாவ. நான் அசையல. முப்பது நாப்பது பொம்பளைய வெயில்ல வந்து நிக்காவ. என் பின்னால நிப்பாவன்னு நெனச்சேன். எல்லாரும் எனக்கு எதுத்தாப்புல நின்னாவ.

ஒருத்தி கேக்கா, "உனக்கென்ன வந்துச்சு மூதி, வீட்டுல சோறு திங்கலியா?"ன்னு. அவளுக்கும் சேத்துத்தான நான் பூட்டிட்டு உக்காந்திருந்தேன்!

அப்பம் அவ வந்தா. அரநாள் லீவு போட்டுட்டு வந்திருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. சண்ட போட்டிருந்தா பரவால்ல மேடம், நான் நல்லா நாக்கப் புடுங்குறாப்புல நாலு கேள்வி எடுத்து வச்சிருந்தேன். அவ பாட்டுக்கு எதுத்தாப்புல பஞ்சாயத்து டிவி ரூமுக்குப் போயி, பெஞ்ச இழுத்து வராந்தால போட்டா. டாக்டரு உக்காந்துட்டாரு. வண்டில இருந்த மிஷின வச்சு பிரஷர் பாக்க ஆரம்பிச்சிட்டாரு. எல்லாரும் அங்கன போய் வரிசைல நின்னுட்டாவ. நான் ஒத்தையில ஒரு பூட்டுக்கு காவலு உக்காந்திருந்தேன்.

வரிசைல ஏழாவது ஆளு எங்கம்ம.

எனக்கு மொதல்ல வெளங்கல. ஷெட்டுல இருக்க வேண்டியவ இங்கன எதுக்கு நிக்கான்னு பாக்கேன். என்னயத் தேடித்தான் வந்திருக்கா, ஏச வந்திருக்கான்னு நெனச்சேன். அவ என்னயப் பாக்கவே இல்ல. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு வரிசைல நகந்து நகந்து போனா. டாக்டரு பட்டையச் சுத்துனாரு. ஒரு தடவ பாத்தாரு. மறுபடியும் சுத்திப் பாத்தாரு. நூத்தித் தொண்ணூறுன்னாரு. கீழ நூத்திப் பத்துன்னாரு. "எம்மா, முன்னாடி என்ன மாத்திர சாப்பிட்டுட்டு இருந்திய? எப்பம் நிறுத்துனிய?"ன்னு கேட்டாரு.

எங்கம்ம டாக்டரப் பாக்கல. என்னயப் பாக்கல. திரும்பி அவளப் பாத்தா.

அவ நோட்ட விரிச்சு, மெதுவா, அந்த எழவெடுத்த மெதுவான கொரல்ல வாசிக்கா. "உலகம்மாள், வயசு நாப்பத்தாறு. ரெண்டு வருஷமா பிரஷர் மாத்திர. தை மாசத்துல இருந்து இல்ல. பங்குனில ரெண்டு தடவ தலசுத்து. சித்திரைல ஷெட்டுல ஒரு தடவ விழுந்தாவ."

ரெண்டு வருஷமா மேடம்! எங்கிட்ட சத்து மாத்திரன்னு சொன்னா. சமயக்கட்டு அலமாரில வெள்ள அட்ட கெடக்கும், "என்னதும்மா அது"ன்னு கேட்டா, "சத்துக்கு நர்ஸம்மா குடுத்தாவ"ன்னுவா. நானும் சரின்னு போயிருவேன். விழுந்தாளாம். எங்க விழுந்தா? எனக்குத் தெரியாது. முழங்கைல சிராய்ப்பப் பாத்துக் கேட்டேன், கதவுல இடிச்சிட்டுன்னா. நான் பரீட்சைக்குப் படிச்சிட்டு இருந்தேன்.

டாக்டரு நர்ஸம்மாவப் பாத்து, "இவங்களுக்கு இப்பவே ஒரு மாத்திர போடணும், வண்டில அது இல்ல"ன்னாரு. அது உள்ள இருக்கு. பெட்டில. என் பூட்டுக்கு அந்தப் பக்கம்.

எல்லாரும் திரும்பி என்னயப் பாத்தாவ. பெனிட்டாதான் கிட்ட வந்தா. கைய நீட்டுனா. "சாவியக் குடு இசக்கி." நான் குடுக்கல. எழுதிக்கிடுங்க, மறைக்கல. அவ கைல குடுக்க மாட்டேன்னேன். "எங்கம்மைக்கு மாத்திர எடுத்துக் குடுக்க எனக்குத் தெரியும், நீ தள்ளு"ன்னேன். நானே தொறந்தேன். பூட்ட ஒடச்சாவன்னு யாரும் சொன்னா அது பொய்யி. சாவி சரியா நொழையல. அஞ்சு நிமிஷம் ஆயிருக்கும். பத்து நிமிஷம்னு எழுதியிருக்கியளா? யாரு மணி பாத்தா? அவதான் பாத்திருப்பா, நோட்டுல குறிச்சிருப்பா.

உள்ள போயி பெட்டியத் தொறந்துட்டேன். எந்த மாத்திரன்னு எனக்குத் தெரியல.

வாசல்ல நின்னு அவதான் பேரச் சொன்னா.

அம்ம மாத்திரயப் போட்டுக்கிட்டு பெஞ்சுல சாஞ்சிட்டா. நான் தண்ணி கொண்டாந்தேன். அதுக்கு முந்தி ஒருத்தி குடுத்துட்டா. எனக்கு அங்கன ஒரு வேலயும் இல்ல. அந்தப் பச்ச நோட்டு பெஞ்சுல கெடந்துச்சு. எடுத்தேன். எங்க ஊரப் பத்தி என்னதான் எழுதியிருக்கான்னு பாக்க எனக்கு உரிமை இல்லியா? எங்க வீட்டுப் பக்கத்தத் தேடி எடுத்தேன். அவ வாசிக்காம விட்டது அங்க இருந்துச்சு. "தோதான நேரம்: ஆறு மணிக்கு மேல. மகளுக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னாங்க. ரெண்டாம் செவ்வா வர காத்திருக்க வேண்டாம், ஒண்ணாம் செவ்வாயே லீவு சொல்லிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

மூணு வரி, கடைசி வரி மட்டும் பொறவு வேற மையில எழுதுனது. அழகான கையெழுத்து. ஆறாம் வகுப்புல இருந்தே அவளுக்கு அழகான கையெழுத்து.

இப்பம் சொல்லுங்க மேடம், ஒரு ஊரு ரகசியத்த இப்படி நோட்டுல எழுதி வைக்கலாமா? அதுக்கு ஏதாச்சும் சட்டம் இல்லியா? ஒரு வீட்டுல அம்மைக்கும் மகளுக்கும் நடுவுல இருக்கத வெளிய இருக்க ஒருத்தி குறிச்சி வச்சுக்கிட்டு, முப்பது பேரு முன்னால வாசிக்கலாமா? நீங்க ஜில்லா ஆபீஸ் ஆளுல்லா, இதுக்கு என்ன ரூல்ஸு? நான் பூட்டுனதுக்கு ரெண்டு பக்கம் எழுதியிருக்கிய. அவ எழுதுனதுக்கு ஒரு வரியாச்சும் எழுதுங்க. இதான் என் புகாரு. பூட்டுனதுக்கு என்ன தண்டன வேணும்னாலும் குடுங்க, காலேஜுக்கு லெட்டர் போடணுமா, போடுங்க. ஆனா அந்த நோட்ட விசாரிங்க.

கேட்டேன். கேக்காம இருப்பனா? அன்னைக்கே டிவி ரூம் வாசல்ல வச்சு அவ கையப் புடிச்சுக் கேட்டேன். "எங்கம்ம உங்கிட்ட எதுக்குட்டி சொன்னா?"ன்னு. அவ கையையும் உருவல, கோவப்படவும் இல்ல. "நான் கேட்டேன் இசக்கி, அதான் சொன்னாவ"ன்னா. அம்புட்டுத்தான். நான் கேட்டேன், சொன்னாவ. இது ஒரு பதிலா? எங்க வீட்டுக்கு ஒரு சாய்ங்காலம் வந்து, அஞ்சு நிமிஷம் தரைல உக்காந்து எந்திச்சுப் போனவ சொல்லுத பதிலா இது?

அந்தப் பதில எங்கிட்டத் தனியா சொன்னா போதாது மேடம். என்னய ஊரு முன்னாலதான் அசிங்கப்படுத்துனா, ஊரு முன்னாலதான் பதிலும் சொல்லணும். ஆகஸ்ட் பதினஞ்சு கிராமசபை. நீங்களும் வரணும், உங்க மூக்குக்கண்ணாடிக்காரரையும் கூட்டிட்டு வாங்க. அன்னைக்கு ஷெட்டு லீவு, நான் விசாரிச்சிட்டேன். ஆமா, இந்தத் தடவ விசாரிச்சேன். புதுக்குடியிருப்புக்காரவியளும் வரட்டும். மைக்க நானே அவ கைல குடுக்கேன், புடுங்க மாட்டேன். எந்த ஊருக்கு எந்த நேரம்ங்கத அவளே முடிவு பண்ணட்டும், அதுல எனக்கு ஒரு வாக்குவாதமும் இல்ல. மூணு மணியோ ஆறு மணியோ, எக்கேடும் கெட்டுப் போகட்டும். எனக்கு வேண்டியது அது இல்ல.

யம்மா. உள்ளயே நின்னுட்டு இருக்கியா? டீ எப்பமே கொதிச்சிட்டு, வாசன இங்க வருது. கதவுக்குப் பின்னால நிக்காத, இங்க வா. மேடத்துக்குக் குடு. குடுத்துட்டு நேரா என்னயப் பாரு.

நீயும் வரணும் அன்னைக்கு. அவ சொல்லாண்டாம், நீ சொல்லு. மைக்கப் பிடி. உன் கையெழுத்தப் போட்டவ உன் மக, ஒரே பாயில உன் பக்கத்துல படுத்துக் கெடந்தவ உன் மக. தல சுத்துதுன்னு அவகிட்டச் சொன்னியே, எங்கிட்ட ஏன் சொல்லல? அவகிட்டச் சொன்ன மாதிரி மெதுவா இல்ல. சத்தமா. ஊரு பூராவும் கேக்கும்படி சொல்லு.